கோப்பன்ஹேகனுக்கு ஒரு வெள்ளோட்டம்

பக்கத்து வீட்டில் இருந்த அந்த அக்கா எந்த இடத்துக்கும் முதல் தடவையாகப் போனதில்லை. திங்கட்கிழமை ஒரு ஆபீசில் அவருக்கு வேலை இருந்தால், வெள்ளிக்கிழமையே அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். வாசல் எந்தப் பக்கம், காத்திருக்க நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் எங்கே, எழுத்து வேலை பார்க்கிற சிடுசிடுப்பான கிராணி எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு வருவார். திங்கட்கிழமை அங்கே நுழையும்போது அவர் நடையில் தயக்கமே இருக்காது.

“வெள்ளோட்டம் பாத்துட்டேன் தம்பி” என்பார்.

அவர் தரங்கம்பாடியில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர். புதுப் படகைச் சரக்கு ஏற்றாமல் ஒரு தடவை கடலில் விட்டுப் பார்ப்பதற்கு அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம். அவர் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லையே சொல்வார். கூடப்பிறந்த தம்பிக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்து, அவரும் கூடவே போக வேண்டியிருந்தபோது, ஒரு வாரம் முந்தியே ஈப்போவுக்கு ரயிலேறிப் போய் அந்த வீட்டில் ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதன்பிறகுதான் சாமான்களைக் கட்டினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்கு நேர்மாறான சுபாவம். நூறு தடவை போன இடமும் எனக்குப் புது இடம்தான். ரயில்வே சரக்குக் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். மேலதிகாரியிடம் லீவு கேட்க இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் படித்தேன். பெட்டிகளிலும் மூட்டைகளிலும் ஊர்ப் பெயர் எழுதுவது என் வேலை. சீட்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவேன். வாசிக்கச் சொன்னால் எல்லாம் வராது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஐந்தாவது எங்கள் வீடு. ஆறாவது அவருடைய தம்பியின் வீடு. தம்பி இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அக்கா விதவை. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். எனக்கு இருபத்தாறு. புதிதாகக் கல்யாணமானவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அவர் ஒரு தடவை மறுமணத்துக்கே வெள்ளோட்டம் பார்த்தவர். ரவாங்கில் மனைவியை இழந்த ஒரு ரயில்வே கார்டு இருந்தார். அக்கா போகிற வேதக்கோவிலைச் சேர்ந்தவர்தான். பாதிரியார் பேசிப் பார்த்தார். அக்கா உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவருடைய வீட்டில் வந்து சமைத்துப் பரிமாறுகிறேன், அவர் எப்போதும் போலச் சாப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினார். போனார். சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிட்டார்.

“என்னக்கா ஆச்சு?” என்று என் மனைவி கேட்டாள்.

“மீன் கொழம்பு நல்லா வந்துச்சு. சாப்புட்டாரு. எந்திரிச்சாரு. தட்டைப் பாத்தாரு, சொம்பைப் பாத்தாரு, கதவைப் பாத்தாரு. என்னைப் பாக்கல.”

“வெக்கமா இருந்திருக்கும்க்கா. இன்னொரு தடவை போய்ப் பாருங்களேன்.”

“ரெண்டாவது வெள்ளோட்டம்னு ஒண்ணு கிடையாதுடி. மொத ஓட்டத்துலயே தண்ணி உள்ள வருதுன்னா அந்தப் படகுல ஏறக்கூடாது” என்றார்.

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பாதிரியார்தான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸுக்கு வருவதற்கு முன் அக்கா கிள்ளானுக்கு அப்பால், ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அவர் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்சர். காய்ச்சலில் போய்விட்டார். ஒரு குழந்தை பிறந்து அதுவும் தங்கவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதன்பிறகு துரை பங்களாவில் ஆயாவாக ஏழு வருஷம் இருந்தார். அந்தத் துரை வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. டென்மார்க்கு தேசத்துக்காரர். தரங்கம்பாடியில் அந்த ஜனங்கள் கட்டிய கோட்டை இருப்பதால் அக்காவுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. அவர்களும் அக்காவும் ஒரே சபை. பிறந்ததிலிருந்து அக்கா கையில் வளர்ந்த பெண் குழந்தைக்கு ஏழு வயது ஆனபோது அவர்கள் ஊரோடு போய்விட்டார்கள். அக்கா தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏழு வருஷம் கழித்துத் துரைசானியின் கடிதம் வந்தது. எங்கள் வரிசையில் இங்கிலீஷ் தெரிந்தவர் முதல் வீட்டுக் கிராணி. அவர் வாசலில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். பெண்ணுக்கு வரும் வசந்த காலத்தில் கோவிலில் திடப்படுத்தல். அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வருவதாக இருந்தால் துரை கப்பல் டிக்கட்டுக்கு ஏற்பாடு செய்வார். எங்களோடு ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகலாம்.

“சீமைக்கா?” என்று மூன்றாம் வீட்டு அம்மாள் கேட்டாள்.

“சீமை வேற. இது டென்மார்க்கு. ஊரு கோப்பன்ஹேகன்” என்றார் அக்கா.

“எல்லாம் ஒரே குளுருதானே. போயி வெறச்சுப்போயி வரப்போற.”

“வெறச்சா வெறைக்கட்டும். அதுக்கும் ஒரு வெள்ளோட்டம் பாத்துட்டாப் போச்சு.”

விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்தோம்.

கிள்ளானில் ஒரு ஐஸ் கொட்டகை இருந்தது. மீன் படகுகளுக்கு ஐஸ் போகும். கொட்டகையில் கட்டிகளை அடுக்குகிற ஆள் எனக்குச் சரக்கு வழியில் பழக்கம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அங்கே போனார். துரைசானி விட்டுப்போன கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டார். கைக்குக் கம்பளி உறை, கழுத்துக்குத் துணி, எல்லாம் மாட்டிக்கொண்டு, ஐஸ் கட்டிகள் அடுக்கிய உள்ளறையில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருக்க வேண்டும் என்று கணக்கு. கையில் வேத புத்தகம்.

“போதும்லா அக்கா, வெளிய வாங்க. மொதலாளி தவுக்கே பாத்தா என்னை வெட்டிப் போட்டுடுவாரு” என்று அந்த ஆள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து கெஞ்சினான்.

“கதவைத் தொறக்காத. சூடு உள்ள வருது.”

“மீனே இதுக்குள்ள வாயத் தொறக்காது. நீங்க வேதம் படிக்கிறீங்க.”

வெளியே வந்தபோது அக்காவின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. “ஒண்ணுமில்ல. பல்லு மட்டும் தனியாப் பேசுது” என்றார். கோட்டின் கை வழியே காற்று புகுவதைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்ததும் மணிக்கட்டுக்கு உள்ளே கம்பளி நூலால் ஒரு பட்டி பின்னிச் சேர்த்தார்.

பத்து நாள் வெறும் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தின்று பார்த்தார். வயிறு ஒத்துக்கொண்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ரயிலில் தகரப் பெட்டியோடு போய்ப் பார்த்தார். துணிமணியின் எடை இருக்க வேண்டும் என்று பெட்டியில் செங்கல் அடுக்கியிருந்தார். தூக்கியது நான். வழியில் டிக்கட் பரிசோதகர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“என்னாது இது?”

“செங்கல்” என்றார் அக்கா.

“எங்க கொண்டு போற?”

“தொறைமுகம் வரைக்கும். அப்புறம் திரும்பி வீட்டுக்கு.”

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வேறு ஆளாக நடிக்க என்னை முதன்முதலில் கூப்பிட்டது பாஸ்போர்ட் ஆபீஸ் ஒத்திகைக்குத்தான். ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையைப் போட்டார். தம்பியின் கழுத்துப்பட்டியை என் கழுத்தில் கட்டிவிட்டார்.

“நீ ஆபீசர். என்னைக் கேளு.”

“எங்க போறீங்க அக்கா?”

“எந்த ஊர்ல ஆபீசர் அக்கான்னு கூப்புடுவான்? மொரட்டுத்தனமா கேளு.”

“எங்க… போற?”

“கதவுக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி கேளு.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி சிரித்தாள். “அக்கா, அவருக்கு அதெல்லாம் வராது. என்னைக் கூப்புடுங்க, நான் அதட்டுறேன்.”

“நீ அதட்டுனா நான் கப்பலே ஏறமாட்டேன்டி. சும்மா இரு.”

நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகக் கேட்டேன். கோப்பன்ஹேகனுக்குப் போகிறேன், நான் வளர்த்த பிள்ளைக்குத் திடப்படுத்தல், ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று அவர் பதில் சொன்னார். அப்போது எங்கிருந்தோ ஒரு கேள்வி தானாக என் வாயில் வந்தது.

“திரும்பி வராம அங்கேயே இருந்துட்டா?”

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, இப்புடித்தான் கேக்கணும்!” என்றார்.  அதற்கான பதிலை மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் மறுபடி என்னை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, “அங்க எனக்கு யாரு இருக்கா தொரை?” என்று பதில் சொன்னார்.

நிஜ ஆபீசில் நிஜ அதிகாரி அதே கேள்வியைத்தான் கேட்டாராம். அக்கா தயங்காமல் பதில் சொல்லிப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். “நீ கேட்ட மாதிரியே கேட்டான் தம்பி. வார்த்தை மாறல” என்று வரிசை முழுவதும் சொன்னார். அன்றிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது. நான் ஒத்திகையில் எப்படி நடந்துகொள்கிறேனோ அப்படித்தான் நிஜத்திலும் நடக்கும் என்று நினைத்தார். கப்பல் கம்பெனி ஏஜெண்டாக இருந்தேன். கப்பல் டாக்டராக இருந்து நாக்கை நீட்டச் சொன்னேன். துரையாகக்கூட ஒரு தடவை இருந்தேன். மனைவி அன்று வெளியில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

பெட்டியில் ஊர்ப் பெயர் எழுதுவது என் தொழில். அதை நானே ஒரு சாயங்காலம் எழுதினேன். கிராணி எழுதித் தந்த சீட்டைப் பார்த்து வெள்ளை வர்ணத்தில் பத்து எழுத்து. அக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் போகிற காரணத்தைச் சொன்னார்.

“பிள்ளையைப் பாக்க மட்டும் போகல தம்பி. ஒண்ணு சொல்லணும். அவ கோயில்ல எந்திரிச்சு நிக்கிறதுக்கு முந்தி சொல்லணும்.”

நான் சைவன். அவர்களுடைய முறை எனக்குத் தெரியாது. அவர் விளக்கிச் சொன்னார். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லுவது ஞானஸ்நானம். அது ஆயுளுக்கு ஒரே தடவைதான். அன்றைக்குக் குழந்தைக்காக மற்றவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். பதினாலு பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை சபையின் முன்னால் நின்று, அந்த வாக்கு என்னுடையதுதான் என்று தன் வாயால் சொல்லவேண்டும். அதுதான் திடப்படுத்தல். பாதிரியார் இல்லாத இடத்தில் குழந்தை சாகக்கிடந்தால் சபையில் உள்ள யாரும் தண்ணீர் ஊற்றலாம். பெண்பிள்ளையும் ஊற்றலாம். அது செல்லும்.

“பிள்ளைக்கு அஞ்சு வாரம். நாலு நாளா மழை. ஆத்துல வெள்ளம். தொரை கிள்ளானுக்கு டாக்டரைக் கூப்புடப் போயி அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாரு. தொரைசானி காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடக்கா. பிள்ளை நீலம் பாஞ்சு மூச்சு நின்னு நின்னு வருது. நான் யாரைக் கேப்பேன்? டம்ளர்ல தண்ணி எடுத்தேன். மூணு தடவை ஊத்தினேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லிப் பேரும் வச்சேன். பிள்ளை பொழைச்சுக்கிச்சு.”

“நல்லதுதானேக்கா.”

“கேளு. ஆறு மாசம் கழிச்சு சிங்கப்பூர்லேருந்து அவங்க பாதிரியார் வந்தாரு. வெள்ளிக் கிண்ணம், வெள்ளை உடுப்பு, விருந்து. அவங்க வச்ச பேரைச் சொல்லி மறுபடி ஊத்துனாரு. பிள்ளை என் கையிலதான் இருக்கு. நான் வாயத் தொறக்கல. இது முந்தியே ஆயிடுச்சுய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆயா என்ன சொல்றதுன்னு பயம். அப்புறம் சொல்லவே முடியல.”

“கடுதாசி போட்டுடலாமேக்கா?”

“யாரு எழுதுறது? கிராணி எழுதணும். அங்க யாரு படிக்கிறது? தொரைசானி. பிள்ளை கையில போய்ச் சேருமா? நான் நேர்ல சொல்லணும் தம்பி. எந்த வாக்கை அவ தன்னோடதுன்னு சொல்லப்போறான்னு அவளுக்குத் தெரியணும். கேட்டுட்டு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். திட்டுனாலும் சரி. அந்த வார்த்தையை வாங்கிக்கிட்டு அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன்.”

“அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நெனப்பு இருக்குமா?”

“ஏழு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளை கனவுல பேசுனதே தமிழ்லதான். மறந்திருந்தா எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லுவேன்.”

வர்ணம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். காயவில்லை. கடைசி எழுத்து கொஞ்சம் அழிந்துவிட்டது. நான் திரும்ப எழுதினேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. மனைவி பாசாருக்குப் போயிருந்தாள். அக்கா கூப்பிட்டார். போனேன். நாற்காலி மட்டும் போட்டிருந்தது. மேசை இல்லை.

“இன்னிக்கு ஆபீசர் வேணாம். நீ நான் வளத்த பாப்பாவா இரு.”

“அக்கா, பொம்பளைப் பிள்ளை மாதிரியெல்லாம் எனக்கு…”

“நீ ஒண்ணும் நடிக்கவேணாம். ஒக்காந்து கேளு. நான் சொல்லி முடிச்சதும் மனசுல என்னா வருதோ அதைச் சொல்லு. ஆபீசருக்குத் தானா வந்துச்சுல்ல, அந்த மாதிரி. இதை ஒரு தடவை பாத்துட்டா வேற ஒண்ணும் பாக்கவேண்டியதில்ல.”

உள்ளே போய் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தட்டினார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரே திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் இருந்த இடத்தில் அவர் என்னைப் பார்க்கவில்லை.

“பாப்பா. எவ்வளவு வளந்துட்டே” என்றார்.

என் தலையைத் தொடக் கையைக் கொண்டுவந்தார். தொடாமல் எடுத்துக்கொண்டார். பிறகு நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். மழையைச் சொன்னார். டம்ளரைச் சொன்னார். வெள்ளிக் கிண்ணத்தைச் சொன்னார். எனக்குத் தெரிந்த வரிசையிலேயே வந்தது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

“அன்னிக்கு வச்ச பேரு கிருபை. அது ஒனக்குன்னு யோசிச்ச பேரு இல்ல பாப்பா. ஒனக்கு மூணு மாசம் முந்தி எனக்கு ஒரு பிள்ளை பொறந்துச்சு. பாதிரியார் தோட்டத்துக்கு மாசத்துல ஒரு தடவைதான் வருவாரு. வரட்டும்னு காத்திருந்தோம். அவரு வர்றதுக்கு நாலு நாள் முந்தி போயிடுச்சு. தண்ணி படாமலே போயிடுச்சு. அதுக்குன்னு வச்சிருந்த பேரு. எடுத்து ஒனக்குக் குடுத்துட்டேன். ஒன்னையும் கேக்கல, ஒங்க அம்மாவையும் கேக்கல. வீட்டுல யாரும் இல்லாதப்ப ஒன்னை அந்தப் பேரு சொல்லித்தான் கூப்புட்டேன். நீயும் ‘ம்’னு திரும்பிப் பாப்பே. ஏழு வருசம். அது தப்புன்னா தப்புன்னு சொல்லு. இப்ப சொல்லு.”

கைகளைக் கோட்டின் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எனக்கு வார்த்தைகள் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தன. பரவாயில்லை என்று ஒன்று வந்தது. தப்பில்லை என்று ஒன்று வந்தது. ஆயா என்று கூப்பிடலாமா என்றும் தோன்றியது. எதைச் சொன்னாலும் அது அந்தப் பெண் சொன்னதாகிவிடுமே, அதைச் சொல்ல நான் யார் என்று இருந்தது. கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். அதன் நூல் மற்றவற்றைப்போல இல்லாமல் பழுப்பாக இருந்தது. வெளியே சரக்குப் பெட்டிகளைத் தள்ளுகிற இன்ஜின் ஒன்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. திரும்பி வந்தது.

அவர் கண் மெதுவாக இறங்கி வந்தது. நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

“ம்” என்றார்.

கோட்டைக் கழற்றினார். உள்ளே ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. கோட்டை உதறி ஆணியில் மாட்டினார்.

“டீ போடட்டா தம்பி?”

“வேணாம்க்கா.”

வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி கீரை வாங்கி வந்திருந்தாள். ஆய்ந்துகொண்டே ஏதோ சொன்னாள்.

மறுநாள் அக்கா கிராணியிடம் போய், உடம்பு சரியில்லை, பிரயாணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று துரைசானிக்கு எழுதித் தரச் சொன்னார். டிக்கட்டைக் கிள்ளானில் ஏஜெண்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். தம்பி கத்தினான். அவர் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கப்பல் போன அன்று நான் வேலையில் இருந்தேன். ஒரு வண்டி கருவாடு வந்து இறங்கியது. மூட்டைக்கெல்லாம் பெயர் எழுதினேன்.

வரிசையில் கொஞ்ச நாள் கேலி இருந்தது.

“என்ன, கோப்பனுக்குப் போயிட்டு வந்தாச்சா?” என்று மூன்றாம் வீட்டு அம்மாள் குழாயடியில் கேட்டாள்.

“வந்தாச்சு. ரொம்பக் குளுரு” என்றார் அக்கா. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

என்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. முன்னைப்போலவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியிடம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். என்னைப் பார்த்தால், “வேலை முடிஞ்சுதா தம்பி?” என்று கேட்டார். அந்தச் சாயங்காலத்தைப்பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பேசாமல் இருந்தது நான்தான், அந்தப் பெண் இல்லை, என் வழக்கமே அதுதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நினைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு படமும் கடிதமும் வந்தன. கோவில் படியில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். உயரமாக இருந்தாள். கையில் சின்னப் பூச்செண்டு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். அக்கா படத்தை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கிராணி படித்துச் சொன்ன கடிதத்தைத் தானே ஒப்பித்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ வந்தால் சொல்ல வேண்டும் என்று பெண் தமிழில் ஒரு வாக்கியத்தை மாதக்கணக்கில் தனியாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அது என்ன என்று நானும் துரையும் கேட்டோம். எங்களிடம் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

“என்னாவா இருக்கும்க்கா?” என்று என் மனைவி கேட்டாள்.

“தெரியலடி” என்றார். படத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் போனபிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“அவ்வளவும் பாத்துப் பாத்துச் செஞ்சாங்க. செங்கல்லைக்கூடத் தூக்கிட்டுப் போய்ப் பாத்தாங்க. ஏன்தான் போகாம விட்டாங்களோ. கடைசியா நீங்கதானே ஒத்திகைக்குப் போனீங்க? அன்னிக்கு என்னா நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல” என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது அதுதான்.